மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

அன்புள்ள பிள்ளைக்கு,

கார்களைப் பற்றி எழுதுவதையே தொழிலாக்க ஆசை, ஆனால் தலைமன்னாரில் இருந்துகொண்டு எதை எழுதுவது என்று கேட்டிருந்தாய். அங்கே பந்தயத் திடல் இல்லை, புதுக் கார்களை ஓட்டிப் பார்க்கத் தருவாரும் இல்லை. இருந்தாலும் இந்தத் தொழிலுக்குச் சொந்தக் காரைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு இயந்திரம் என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்பதை மற்றவருக்கு விளங்கச் சொல்லத் தெரிய வேண்டும்.

டெனிஸ் ஜென்கின்சனுக்கு அது தெரிந்திருந்தது. 1920இல் பிறந்த அந்த ஆங்கிலேயர் 'மோட்டார் ஸ்போர்ட்' இதழின் எழுத்தாளர். 1949இல் எரிக் ஒலிவர் சைட்கார் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனபோது பக்கத் தொட்டியில் இருந்தவர் இவர்தான். 1955 மே 1ஆம் திகதி, இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டேர்லிங் மொஸ் ஓட்டிய மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் காரில் பக்கத்து இருக்கையில் ஏறினார். காலை 7.22க்குப் புறப்பட்டதால் காரின் இலக்கம் 722. பிரெஸ்சியாவிலிருந்து ரோமுக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 1,000 மைல். இருவரும் முன்கூட்டியே அந்தப் பாதையை ஓடிப் பார்த்து, வளைவு, மேடு, பாலம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்புகள் 5 மீற்றருக்கும் நீளமான ஒரு கடதாசிச் சுருளாகி, பார்ப்பதற்குச் சாளரம் வைத்த சிறு பெட்டிக்குள் இருந்தன. எஞ்சின் இரைச்சலில் வாய்ப்பேச்சு கேட்காது. சுருளை உருட்டிப் படித்துக் கையால் சைகை காட்டினார் ஜென்கின்சன். மேட்டுக்கு அப்பால் பாதை தெரியாத இடத்திலும் மொஸ் அந்தக் கையை நம்பி வேகத்தைக் குறைக்காமல் போனார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் வென்றார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீற்றர்.

பிறகு ஜென்கின்சன் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. வெற்றியின் ஆரவாரத்தோடு நில்லாமல், சுருளைத் தயாரித்த விதத்தையும் சைகை முறையையும் அதில் விளக்கிவிட்டார். படிப்பவர் காருக்குள் உட்கார்ந்துவிடுகிறார்.

நம்மவர்களில் எஸ். முத்தையாவைப் பார். கொழும்பில் 'டைம்ஸ் ஒஃப் சிலோன்' பத்திரிகையில் இருந்தவர், 1968இல் சென்னைக்குப் போனார். அந்த நகரத்தின் வரலாற்றாசிரியராகத்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிம்ப்சன் நிறுவனத்தின் கதையையும் அசோக் லேலண்டின் கதையையும் எழுதியவரும் அவர்தான். 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சனில், 1903இல் சாமுவேல் ஜோன் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்தார். வாகனத்தின் கதைக்குள் ஒரு நகரத்தின் கதையே அடங்கிக் கிடக்கும் என்பதற்கு அந்த நூல்கள் சான்று.

இனி உன் பக்கத்துக்கு வருவோம். 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பெற்றோல் கிடைப்பது குதிரைக்கொம்பானபோது, 1950களின் ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதைப் பெரியவர்கள் ஒரு சாகசக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நீ அங்கே நிற்காதே. ஏன் ஓடின என்று கேள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் இலகுவாக ஆவியாகாது. அதனால் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அடுத்த சிக்கல், அழுத்தினால் அது பெற்றோலைவிடச் சீக்கிரம் தானாகவே தீப்பிடித்து, எஞ்சின் 'டக்டக்' என்று தட்டத் தொடங்கும். இன்றைய பெற்றோல் எஞ்சின் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையைப் 10 மடங்கு அல்லது அதற்கு மேல் அழுத்துகிறது. பழைய ஒஸ்ரின் அழுத்தியது ஏறக்குறைய 7 மடங்குதான். பழமைதான் அந்தக் காரைக் காப்பாற்றியது! அதற்கு விலையும் இருந்தது. பிளக்கில் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அந்த வாகனங்களில் நோயாளிகளும் போனார்கள், கர்ப்பிணிகளும் போனார்கள். அவற்றை ஓடவைத்த மெக்கானிக்குகளின் அறிவு இன்னும் போதிய அளவு எழுத்தில் வரவில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

இலக்கத் தகட்டையும் படிக்கப் பழகு. 1957இல் அதில் சிங்கள 'ஸ்ரீ' வந்ததும், தமிழரசுக் கட்சி அதை எதிர்த்ததும், அந்த எழுத்தின்மேல் தார் பூசப்பட்டதும் அரசியல் வரலாறு மட்டுமல்ல, கார்களின் வரலாறும்தான்.

முதல் கட்டுரைக்கு உப்புக்காற்றை எடுத்துக்கொள். மன்னார் கராஜ் ஒன்றில் பழைய லொறி உயர்த்தப்பட்டிருக்கும்போது அடியில் குனிந்து பார். துரு முதலில் எங்கே பிடித்திருக்கிறது? வில்தகடுகளுக்கு இடையிலா, பிரேக் குழாயிலா, ஒட்டுப்போட்ட மூட்டிலா? சேறு ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் எவ்வளவு நேரம் தங்குகின்றன? எதைப் பூசுகிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, என்ன செலவு? மெக்கானிக் சொல்லும் சொல்லையே எழுது. அகராதிச் சொல்லைத் தேடாதே. எழுதியதை முதலில் அவருக்கே வாசித்துக் காட்டு, பிறகு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா