சூரனுக்கு என்ன கோபம்?

கேள்வி: இப்போதைய சூப்பர் ஹீரோ படங்களில் வில்லனுக்கும் ஒரு நியாயம் வைக்கிறார்கள். நம் பழைய வில்லன்களுக்கு அப்படி ஏதாவது உண்டா?
- வாசகர், திருச்செந்தூர்

பதில்: சூரசம்ஹாரம் நடக்கும் உங்கள் ஊர்க் கடற்கரையிலேயே இருக்கிறான்! ஏ.பி. நாகராஜனின் 'கந்தன் கருணை' (1967) படத்தில் அசோகன் ஏற்ற சூரபத்மன். கந்த புராணத்தில் அவன் காசிபருக்கும் மாயைக்கும் பிறந்தவன். அசுர குலத்தை மீண்டும் தலைநிமிர வைக்கவே தாய் அவனைத் தவத்துக்கு அனுப்புகிறாள். கடுந்தவம் செய்து 1008 அண்டங்களையும் ஆளும் வரம் பெறுகிறான். அதுவரை அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்திரன் மகன் சயந்தனையும் தேவர்களையும் சிறையில் அடைத்தபோதுதான் அது போகிறது. விட்டுவிடு என்று தம்பி சிங்கமுகனே சொல்கிறான், அண்ணன் கேட்கவில்லை. ஆனாலும் அண்ணனுக்காகவே போரிட்டு மடிகிறான் தம்பி. எனக்கு இன்றும் மனசு கனக்கும் இடம் அது.

நீங்கள் சொல்லும் சூப்பர் ஹீரோ பட வில்லன்களில், 'மின்னல் முரளி'யில் (2021) குரு சோமசுந்தரம் நடித்த ஷிபுவைப் பாருங்கள். ஊரே ஒதுக்கியவன், ஒருத்தியை மட்டும் பல வருடங்களாக நேசித்தவன். ஊரார் வைத்த தீயில் அவளும் போனபின் ஊரையே அழிக்கக் கிளம்புகிறான். நாயகனுக்கும் அவனுக்கும் சக்தி தந்தது அதே மின்னல்தான்.

ஷிபுவுக்கு வலி, சூரனுக்கு அகந்தை. எழுதக் கடினமானது இரண்டாவதுதான். அடுத்த ஐப்பசியில் சூரசம்ஹாரம் பார்க்கும்போது சிங்கமுகன் வரும் கட்டத்தைத் தவறவிடாதீர்கள்.