எண்களில் அடங்காத ஆட்டம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஆட்டம் முடிந்ததும் கோல்களின் எண்ணிக்கை ஏட்டில் ஏறிவிடுகிறது. யார் வென்றார், யார் தோற்றார் என்பதை எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் அறிந்துகொள்ளலாம். ஆனால், அந்த ஆட்டத்தைக் காண வந்தவர்களின் நினைவுகள் எங்கே பதிவாகின்றன? சென்னையில் தொழில்முறைக் கால்பந்து வேரூன்றிய நாள்களைப் பார்வையாளர் ஒருவரின் நினைவிலிருந்து இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆற்று மணலும் பந்தும்

தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் மணலூர்பேட்டை. தைத் திங்கள் ஐந்தாம் நாள் நிகழும் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் இங்கு எழுந்தருள்வார். அன்று மக்கள் திரளும் அதே மணற்பரப்பில், நீர் வற்றிய நாள்களில் நாங்கள் பந்து உதைப்போம். இரண்டு செருப்புகளை எதிரெதிரே வைத்தால் அதுவே எங்கள் கோல் கம்பம்.

எங்களுக்குக் கால்பந்தின் சுவையைக் காட்டியவர் என் தாய்மாமன். அவர் பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையில் பணியாற்றினார். விடுப்பில் ஊருக்கு வரும்போதெல்லாம், சென்னையில் பழைய மாநகராட்சி விளையாட்டரங்கில் தாம் கண்ட லீக் ஆட்டங்களைக் கதைபோலச் சொல்வார். வேலை முடிந்ததும் மிதிவண்டியை மிதித்துக்கொண்டு அரங்குக்குச் சென்றது, வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே உண்ண மறந்தது, முன்கள வீரர்கள் பந்தைக் கடத்திய விதம் என ஒவ்வொன்றாகச் சொல்வார். வீரர்களின் பெயர்களை உறவினர் பெயர்களைப் போல உச்சரிப்பார்.

அக்கால வீரர்களுள் பெரும்பாலோர் தொழிற்சாலை, வங்கி, காவல்துறை போன்றவற்றில் பணிபுரிந்துகொண்டே ஆடியவர்கள். ஆட்டத்தையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளும் நிலை பின்னரே வளர்ந்தது. 1996இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. 2014 அக்டோபர் 12 அன்று எட்டு அணிகளுடன் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. அவற்றுள் ஒன்று சென்னையின் எஃப்.சி.

தீபாவளிக்கு முந்தைய மாலை

சென்னை அணி தன் சொந்தக் களத்தில் முதன்முதலாக ஆடிய நாள் 2014 அக்டோபர் 21. மறுநாள் தீபாவளி. சென்னையிலிருந்து ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகளில் நிற்கவும் இடமில்லை. நான் ஏறிய சென்னைப் பேருந்திலோ இருக்கைகள் பாதி காலியாக இருந்தன. “பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது, நீ மட்டும் ஊரைவிட்டுப் போகிறாயே” என்று அம்மா கடிந்துகொண்டார்.

நேரு விளையாட்டரங்கின் வாயிலில் மாமா எனக்காகக் காத்திருந்தார். பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய மாநகராட்சி அரங்கு இருந்த இடத்தில் 1993இல் எழுந்த அரங்கு அது. படிகளில் ஏறிய மாமா சற்று நின்று திரும்பிப் பார்த்தார். “நான் உட்கார்ந்த இடம் எது என்றே தெரியவில்லை, தம்பி” என்றார்.

எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். அரங்கின் ஒருபுறம் நீலம், மறுபுறம் மஞ்சள். பறையின் அதிர்வு நெஞ்சில் வந்து மோதியது. அருகில் அமர்ந்திருந்த இளைஞர்கள் தாமே இட்டுக்கட்டிய முழக்கங்களை எழுப்பினர். மாமா அவர்களைப் பார்த்துச் சிரித்தார். “எங்கள் காலத்தில் கைத்தட்டலும் சீழ்க்கையும்தான்” என்றார். சற்று நேரத்தில் அவரும் அவர்களோடு சேர்ந்து முழங்கினார்.

பிரேசில் வீரர் எலானோ தண்டனை உதையைக் கோலாக்கினார். கேரள அணியின் இயன் ஹியூம் சமன் செய்தார். பின்னர்க் கொலம்பிய வீரர் மெண்டோசா அடித்த கோலால் சென்னை 2–1 என வென்றது. ஆட்டம் முடியுமுன்பே நெரிசலுக்கு அஞ்சி நான் எழுந்தேன். மாமா என் கையைப் பிடித்து அமர்த்தினார். “கடைசி ஊதல் ஒலிக்கும்வரை எழுந்திருக்காதே. வீட்டுக்கு வந்த விருந்தினரைப் பாதி உணவில் விட்டுவிட்டு எழுவோமா?” என்றார். சொந்தக் களம் என்பதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. அங்கே அமர்ந்திருப்போர் விலை கொடுத்து வந்தவர்கள் மட்டுமல்லர், அவ்வீட்டுக்கு உரியவர்கள்.

களமிழந்த நாள்கள்

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழை சென்னையை மூழ்கடித்தது. முடிச்சூரில் இருந்த மாமாவின் வீட்டிலும் இடுப்பளவு நீர் புகுந்தது. அவரை மணலூர்பேட்டைக்கு அழைத்துவந்தோம். அதே நாள்களில் சென்னை அணியும் தன் களத்தை இழந்தது. கொல்கத்தா அணிக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டம் சென்னையில் நடக்க வேண்டியது. வெள்ளத்தால் புனேவுக்கு மாற்றப்பட்டு டிசம்பர் 12 அன்று நடைபெற்றது. அதில் சென்னை 3–0 என வென்றது. “நானும் அகதி, என் அணியும் அகதி” என்று மாமா சொன்னார். நகைச்சுவையாகத்தான் சொன்னார், எவரும் சிரிக்கவில்லை.

டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் தெருவே கூடியிருந்தது. 87ஆம் நிமிடத்தில் கோவா 2–1 என முன்னேறியது. சிலர் எழுந்து சென்றனர். மாமா அசையவில்லை. 90ஆம் நிமிடத்தில் கோவா அணியின் தன்கோலால் ஆட்டம் சமனாயிற்று. அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் மெண்டோசா வெற்றிக் கோலை அடித்தார். வீட்டுப் பொருள்களை வெள்ளத்தில் பறிகொடுத்த மாமா, துண்டைத் தலைக்குமேல் சுழற்றி ஆர்ப்பரித்ததை எங்கள் தெரு இன்றும் பேசுகிறது.

2018 மார்ச் 13 அன்று மீண்டும் நேரு அரங்குக்குச் சென்றோம். கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் சென்னை 3–0 என வென்றது. அவற்றுள் ஒரு கோலை அடித்தவர் வியாசர்பாடியைச் சேர்ந்த தனபால் கணேஷ். “பெரம்பூருக்குப் பக்கத்துப் பிள்ளை!” என்று அறிமுகமில்லாதவர்களிடமெல்லாம் மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்வையாளரில்லா அரங்கம்

2020 மார்ச் 14 அன்று சென்னையும் கொல்கத்தாவும் மோதிய இறுதி ஆட்டம், பெருந்தொற்றின் காரணமாகப் பார்வையாளர் இன்றி நடைபெற்றது. அடுத்த இரு பருவங்களின் ஆட்டங்களும் கோவாவிலேயே நடத்தப்பட்டன. பந்தை உதைக்கும் ஓசையும் வீரர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் குரலும் தொலைக்காட்சியில் தெளிவாகக் கேட்டன. விதிகளில் குறையில்லை, வீரர்களின் திறனிலும் குறையில்லை. ஆயினும் ஏதோ ஒன்று இல்லாமற்போனதை எல்லோரும் உணர்ந்தோம்.

2022 அக்டோபரில் ஆட்டங்கள் சென்னைக்குத் திரும்பின. நான் சென்றேன். மாமா உடன் வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே அவர் மறைந்துவிட்டார். கடைசி ஊதல் ஒலிக்கும்வரை அமர்ந்திருந்தேன். அப்போது, அவர் சொல்லிய பழைய வீரர்களின் பெயர்களை நினைவுகூர முயன்றேன். மூன்று பெயர்களுக்குமேல் வரவில்லை. நாற்பது ஆண்டுகள் கேட்ட செய்திகளை ஒரு தாளிலேனும் நான் குறித்துவைக்கவில்லை. மாநகராட்சி அரங்கின் அந்த மாலைப்பொழுதுகள் அவரோடு சென்றுவிட்டன.

2–1 என்னும் எண்ணை எவரும் எங்கும் தேடி எடுக்கலாம். துண்டு சுழற்றிய முதியவரை எந்தப் புள்ளிவிவரத்திலும் தேட இயலாது. பார்த்தவர் சொல்ல வேண்டும். கேட்டவர் எழுத வேண்டும். இக்கட்டுரை, நான் காலந்தாழ்ந்து எழுதிய தாள்.

தெரிந்து தெளிவோம்

தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ், 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர்.

கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைச் சொந்தக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2018–19ஆம் ஆண்டின் ஐ–லீக் பட்டத்தை வென்றது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் முற்காலத்தில் நடைபெற்ற விளையாட்டுப் போட்டி ஒன்றைப் பற்றி முதியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொற்களிலேயே எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.

2. ‘பார்வையாளர் இல்லாத ஆட்டம் முழுமை பெறுமா?’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.

3. நீங்கள் நேரில் கண்ட ஆட்டம் ஒன்றை, கோல்களின் எண்ணிக்கையைக் குறிப்பிடாமல் ஒரு பக்க அளவில் எழுதுக.