உயிர்நூல் ஆராய்ச்சியில் கணிப்பொறிக் கருவிகள்: நிலக்கடலை வழியே ஒரு பாடம்

நாராயணவனம், திருப்பதி மாவட்டத்தில் புத்தூருக்கு அருகிலுள்ள ஊர். 2022 ஏப்ரலில் புதிய மாவட்டங்கள் அமையும்வரை அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கல்யாண வேங்கடேசுவரர் கோயிலால் பெயர் பெற்றது. சித்தூர், திருப்பதி வட்டாரங்களின் மானாவாரி நிலங்களுக்கு நிலக்கடலை நெடுங்காலமாகப் பழகிய பயிர். மணிலாக்கொட்டை, மல்லாட்டை, வேர்க்கடலை என வட்டாரந்தோறும் பெயர் வேறுபடினும், மழையை நம்பி விதைக்கும் குடியானவனுக்கு அது வீட்டு எண்ணெயும் ஆகும். விற்றுக் காசாக்கும் பொருளும் ஆகும்.

இரண்டு மூட்டை கடலைப் பருப்பு அருகருகே வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நிறம் ஒன்றே, பருமன் ஒன்றே. ஆயினும் ஒன்றின் எண்ணெய் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்குகிறது. மற்றதன் எண்ணெய் நெடுநாள் கெடாதிருக்கிறது. இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. விதையின் மரபுப் பொருளில் இரண்டே இடங்களில் நேர்ந்த மாறுதலே இதற்குக் காரணம். கோடிக்கணக்கான எழுத்துகளினிடையே அவ்விரு இடங்களைத் தேடுவதற்கு உதவும் கருவிகளைப் பற்றியது இப்பாடம்.

எழுத்தும் சொல்லும்

உயிர்களின் மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளது. ஏ, ஜி, சி, டி என்ற நான்கே எழுத்துகள் அதில் உண்டு. மும்மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல்லாகின்றன. ஒவ்வொரு சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது அல்லது 'இங்கே நிறுத்துக' என ஆணையிடுகிறது. அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது.

இதனை வகுப்பில் விளக்கத் தமிழே போதும். கரும்பலகையில் 'கடல், பயிர், மணல், நிலம்' என எழுதுக. ஒவ்வொன்றும் மூன்று எழுத்துச் சொல். 'பயிர்' என்பதில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'உயிர்' ஆக்கினால் ஒரு சொல்லின் பொருள் மாறுகிறது, மற்றவை நிலைத்திருக்கின்றன. இது மாற்றுப் பிழை. இனி, கடலுக்குப் பின் 'க' என்னும் எழுத்து ஒன்றைப் புகுத்தி, மீண்டும் மும்மூன்றாகப் பிரித்துப் படிக்கச் சொல்லுக. 'கடல், கபயி, ர்மண, ல்நில, ம்' என்று வரும். புகுந்த எழுத்து ஒன்றே. ஆனால் அதற்குப் பின் ஒரு சொல்லும் தேறவில்லை. இது புகுத்தற் பிழை. நிலக்கடலையில் இவ்விரு பிழைகளும் நிகழ்ந்துள்ளன.

எண்ணெயின் தன்மை

கடலை எண்ணெயில் ஒலியிக் அமிலம், லினோலியிக் அமிலம் என்னும் இரண்டும் மிகுதி. ஒலியிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு ஒன்று. லினோலியிக் அமிலத்தில் இரண்டு. இரண்டுள்ளது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு எளிதில் கூடிக் கெடுகிறது. சிக்கு வாடை பிறப்பது இதனால்தான். ஒலியிக் அமிலத்தில் இரண்டாவது இரட்டைப் பிணைப்பை உண்டாக்கி அதனை லினோலியிக் அமிலமாக மாற்றுவது ஒரு நொதி. அந்நொதியை ஆக்கும் மரபணுவுக்கு எஃப்.ஏ.டி. 2 என்று பெயர். நொதி செயலற்றுப் போனால் ஒலியிக் அமிலம் மாறாமல் தங்கிவிடும்.

நிலக்கடலை இரண்டு காட்டுச் செடிகளின் கலப்பால் தோன்றியது. ஒவ்வொன்றும் 20 குரோமோசோம்களைத் தர, பயிரில் 40 உள்ளன. ஆகவே எஃப்.ஏ.டி. 2 மரபணுவும் இரண்டு படிகளாக உள்ளது. அவற்றை ஏ-படி, பி-படி என்பர். இரு படிகளும் ஏறத்தாழ 99 சதவீதம் ஒத்தவை. ஒன்று கெட்டாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். இரண்டும் கெட்டால்தான் ஒலியிக் அமிலம் 80 சதவீத அளவுக்கு உயரும்.

இத்தகைய செடி அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டறியப்பட்டு 1987 இல் அறிவிக்கப்பட்டது. அதன் ஏ-படியில் 448 ஆவது எழுத்தாகிய ஜி, ஏ-யாக மாறியிருந்தது; பி-படியில் 441 ஆவது எழுத்துக்குப் பின் ஓர் ஏ புகுந்திருந்தது என்பது பின்னர்த் தெரியவந்தது.

ஒப்பிடும் கலை

இத்தகைய வேறுபாடுகளைக் காண இரண்டு வரிசைகளை நேர்நேராக வைத்து ஒப்பிட வேண்டும். அதற்கான கணித முறையை நீடில்மன், வூன்ஷ் என்போர் 1970 இல் வகுத்தனர். வரிசைகளுள் ஒத்த பகுதியை மட்டும் காணும் முறையை ஸ்மித், வாட்டர்மன் என்போர் 1981 இல் அளித்தனர். அடிப்படை எளியது: ஒத்த எழுத்துக்கு மதிப்பெண் கூட்டுக, மாறிய எழுத்துக்குக் குறைக்க, இடைவெளி விட நேர்ந்தால் மேலும் குறைக்க, மிகுந்த மதிப்பெண் தரும் அமைப்பைக் கொள்க.

ஓர் எடுத்துக்காட்டு: ஒத்தால் 1 கூட்டுக; மாறினால் 1 கழிக்க; இடைவெளிக்கு 2 கழிக்க. நாராயணவனம் என்ற ஊர்ப்பெயர் நாராயணவரம் என்றும் எழுதப்படுவதுண்டு. இரண்டிலும் ஏழு எழுத்துகள். ஆறு ஒத்தவை, ஒன்று மாறியது. மதிப்பெண் 5. இனி, ஓர் எழுத்தர் 'நாரணவனம்' என எழுதிவிட்டார் எனக் கொள்வோம். இதில் ஆறே எழுத்துகள். முதலிலிருந்து அப்படியே பொருத்தினால் 'நா' ஒன்றே ஒக்கும், ஐந்து மாறும், இறுதியில் ஓர் இடைவெளி வரும். மதிப்பெண் 6 குறை. 'ய' இருந்த இடத்தில் இடைவெளி விட்டுப் பொருத்தினால் ஐந்து ஒக்கும், ஒன்று மாறும், ஓர் இடைவெளி, மதிப்பெண் 2. இரண்டும் ஒரே ஊரின் பெயர் என்பது இப்போது விளங்குகிறது. மரபணுக்களின் உறவைக் கணிப்பொறி அறிவதும் இவ்வாறே.

களஞ்சியங்களும் தேடுகருவியும்

உலகெங்கும் படித்தறியப்பட்ட மரபு வரிசைகள் பொதுக் களஞ்சியங்களில் சேர்க்கப்படுகின்றன. அமெரிக்காவின் ஜென்பேங்க் 1982 இல் தோன்றியது. அது ஐரோப்பிய, ஜப்பானியக் களஞ்சியங்களோடு செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறது. புரதங்களின் முப்பரிமாண வடிவங்களுக்கான களஞ்சியம் 1971 இல் நிறுவப்பட்டது. இந்தியாவில் மத்திய அரசின் உயிர்த் தொழில்நுட்பத் துறை 1986-87 இல் உயிர்த் தகவல் மையங்களின் வலையமைப்பைத் தொடங்கியது. 2022 இல் ஃபரீதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது.

களஞ்சியம் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிடுவது காலத்தை விழுங்கும். 1990 இல் வெளிவந்த 'பிளாஸ்ட்' என்னும் கருவி ஒரு குறுக்குவழியைக் கண்டது. முதலில் சிறு துண்டுகள் முற்றும் ஒத்திருக்கும் இடங்களைத் தேடி, அவ்விடங்களிலிருந்து மட்டும் இருபுறமும் ஒப்பீட்டை நீட்டுகிறது. இக்கருவியைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம். இணைய வசதியுள்ள பள்ளிக் கணிப்பொறியே போதும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. நான்கு எழுத்துகளால் ஆகும் 11 எழுத்துத் துண்டுகள் மொத்தம் 41,94,304. களஞ்சியத்தில் உள்ள எழுத்துகளோ அதனினும் பன்மடங்கு மிகுதி. ஆகவே சிறு துண்டு ஒத்திருப்பது தற்செயலாகவும் நிகழும். இதனால் பிளாஸ்ட், ஒவ்வொரு விடையோடும் 'எதிர்பார்ப்பு எண்' ஒன்றைத் தருகிறது. இத்தகைய ஒற்றுமைகள் வெறும் தற்செயலாக எத்தனை கிடைக்கக்கூடும் என்பதே அவ்வெண்ணின் பொருள். அது பூஜ்யத்தை நெருங்க நெருங்க நம்பிக்கை கூடும். ஒன்றை நெருங்கினால் ஐயுறுக.

வடிவத்தைக் காணும் கருவிகள்

புரதத்தின் செயல் அதன் வடிவத்தைப் பொறுத்தது. இத்துறையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரிது. ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963 இல் வெளியிட்ட ஆய்வு, புரத இழை எக்கோணங்களில் மடங்கக்கூடும், எக்கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும் என்பதை ஒரே படத்தில் காட்டியது. ராமச்சந்திரன் வரைபடம் எனப்படும் அதனைக் கொண்டே இன்றும் புரத வடிவங்களைக் கணிப்பொறிகள் சரிபார்க்கின்றன. அண்மையில் ஆல்ஃபாஃபோல்ட் என்னும் மென்பொருள், எழுத்து வரிசையிலிருந்தே வடிவத்தைக் கணித்து, 2022 இல் 20 கோடிக்கு மேற்பட்ட புரத வடிவங்களைப் பொதுவில் வைத்தது. அவை கணிப்புகளே, சோதனை முடிவுகள் அல்ல என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.

களஞ்சியத்திலிருந்து கழனிக்கு

நிலக்கடலையின் காட்டு மூதாதையரது முழு மரபு வரிசை 2016 இலும், பயிரின் வரிசை 2019 இலும் வெளியாயின. பயிரில் 250 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள் உள்ளன. இப்பணிகளில் ஹைதராபாத்தை அடுத்த படன்சேருவிலுள்ள இக்ரிசாட் நிலையத்தின் விஞ்ஞானிகளும் பங்கேற்றனர். எஃப்.ஏ.டி. 2 மரபணுவின் இரு மாறுதல்களையும் அடையாளக் குறிகளாகக் கொண்டு, நாற்றுப் பருவத்திலேயே இலைத் துண்டைச் சோதித்து, தகுந்த செடிகளைத் தேர்ந்தனர். இவ்வாறு உருவான உயர் ஒலியிக் வகைகளான கிர்நார் 4, கிர்நார் 5 ஆகியவை 2020 அக்டோபரில் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்ட 17 பயிர் வகைகளில் இடம்பெற்றன.

ஏ-படியின் மாறுதல் சாதாரண வகைகள் பலவற்றிலும் உண்டு. அரியது பி-படியின் மாறுதலே. ஆகவே ஏ-படியை மட்டும் சோதித்துவிட்டு 'உயர் ஒலியிக்' என முடிவு கட்டினால், சாதாரண விதை உயர்ந்த விதையாகப் பெயர் பெற்றுவிடும். 99 சதவீதம் ஒத்த இரு படிகளை ஒன்றெனக் கலந்து படித்தாலும் இதே கேடு நேரும். நட்டம் கணிப்பொறிக்கு அன்று. கூடுதல் விலை கிடைக்கும் என நம்பி விதைத்தவனுக்கே.

களப் பணியாளர் கவனத்திற்கு

1. மாதிரியின் உறையில் ஊர், நிலம், வகை, நாள் ஆகியவற்றை அப்போதே எழுதுக. பெயர் மாறிய மாதிரியைக் கணிப்பொறி திருத்தாது. பிழையை உறுதியாக்கியே திருப்பித் தரும்.

2. நிலக்கடலை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். விதை கலப்பது பெரும்பாலும் களத்திலும் சாக்கிலும்தான். களத்து மேட்டைக் கூட்டித் துப்புரவாக்கிய பின்னரே அடுத்த வகையை உலர்த்தச் சொல்லுக. கண்ணால் பிரிக்க இயலாத விதை கலந்தபின் பிரிப்பதற்கில்லை.

3. எண்ணெயின் தன்மை ஓரிரு மரபணுக்களால் அமைவது. வறட்சியைத் தாங்கும் திறனோ பல மரபணுக்களும் மண்ணும் மழையும் சேர்ந்து அமைவது. ஆடி விதைப்புக்குப்பின் மழை பொய்த்தால் எவ்வகை பிழைக்கும் என்பதற்கு ஒற்றை எழுத்தில் விடை இல்லை. அவ்வாறு இருப்பதாகக் குடியானவர்க்கு உறுதி கூறலாகாது. அவ்விடையை அவ்வூர் நிலத்திலேயே பயிரிட்டுத்தான் காண வேண்டும்.

வகுப்பறைப் பயிற்சி

1. பி-படியில் 441 ஆவது எழுத்துக்குப் பின் ஓர் எழுத்து புகுந்தது. எத்தனை சொற்கள் பழுதின்றி நிற்கும்? (441-ஐ 3-ஆல் வகுக்க 147. ஆகவே 147 சொற்கள் நிற்கும்; 148 ஆவதிலிருந்து வரிசை குலையும்.)

2. ஏ-படியின் 448 ஆவது எழுத்து எந்தச் சொல்லில், எவ்விடத்தில் உள்ளது? (149 சொற்கள் 447 எழுத்தோடு முடிகின்றன. ஆகவே 150 ஆவது சொல்லின் முதல் எழுத்து. அங்கே அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பராஜின் அமைகிறது.)

3. இவ்விரண்டில் எது புரதத்தை மிகுதியாகச் சிதைக்கும்? கடல், பயிர், மணல், நிலம் என்னும் சொற்களைக் கொண்டு காரணம் கூறுக.

இக்கருவிகள் யாவும் ஆராய்ச்சிக்கூடங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. களஞ்சியங்கள் திறந்தே உள்ளன. நாராயணவனத்துப் பள்ளி மாணவன் ஒருவன் தன் வீட்டுக் கொல்லையில் விளையும் பயிரின் மரபணு வரிசையை அங்கிருந்தே தேடிப் படிக்க இயலும். தேடும் முறையையும், கிடைத்த விடையை ஐயுற்று ஆராயும் முறையையும் சேர்த்தே அவனுக்குக் கற்பிப்பது ஆசிரியரின் கடமையாகும்.