ஐந்து டாலர் அபராதச் சீட்டு

போன வருஷம் எங்க அப்பாவுக்கு லோன் சம்பந்தமாக ஒரு நோட்டீஸ் வந்தது. முழுக்க ஆங்கிலம். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்று என்னிடம் நீட்டினார். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்த எனக்கும் பாதிதான் விளங்கியது. பதில் தரவேண்டிய தேதி முந்தின நாளே முடிந்திருந்தது. அதிலிருந்துதான் மற்ற நாடுகளில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்தது கனடா.

அங்கே மனிடோபா மாகாணத்தில், வின்னிபெக் நகரின் செயின்ட் போனிஃபேஸ் பகுதியில் பிரெஞ்சு பேசுபவர்கள் அதிகம். 1976ல் ஜார்ஜ் ஃபாரஸ்ட் என்பவருக்கு வண்டி நிறுத்தியதற்காக ஐந்து டாலர் அபராதம் போட்டார்கள். சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. நாமாக இருந்தால் காசைக் கட்டிவிட்டு வந்திருப்போம். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1870ல் அந்த மாகாணம் உருவானபோது சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் இரு மொழிகளுக்கும் உரிமை தந்திருந்தார்கள். 1890ல் ஒரு சட்டம் போட்டு அதைப் பறித்துவிட்டார்கள். அந்த 1890 சட்டம் செல்லாது என்று 1979ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு நின்றதா? 1985ல், ஆங்கிலத்தில் மட்டும் இயற்றிய மாகாணச் சட்டங்கள் எல்லாமே செல்லாது என்றது! ஆனால் சட்டமே இல்லாமல் மாகாணம் எப்படி நடக்கும்? எனவே மொழிபெயர்த்து முடிக்கும்வரை அவை தற்காலிகமாகச் செல்லும் என்று அவகாசம் கொடுத்தது. ஐந்து டாலருக்கு இவ்வளவு!

மத்திய அரசைப் பொறுத்தவரை 1969ல், பியர் ட்ரூடோ பிரதமராக இருந்தபோது, ஆட்சிமொழிகள் சட்டம் வந்தது. மத்திய சட்டங்களை இரு மொழிகளிலும் வெளியிட வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒன்று மூலம், மற்றது மொழிபெயர்ப்பு என்ற பேச்சே அங்கு கிடையாது. இரண்டும் சம அதிகாரம் உடையவை. சட்டம் மீறப்பட்டால் புகாரை விசாரிக்க ஒரு ஆணையர் உண்டு. அவர் அமைச்சருக்கு அல்ல, நாடாளுமன்றத்துக்கே பதில் சொல்பவர். இரு மொழி தேவைப்படும் பதவியில் தேர்ச்சி பெற்ற ஊழியருக்கு ஆண்டுக்கு 800 டாலர் ஊக்கத்தொகையும் உண்டு.

1982ல் இந்த உரிமைகள் அரசியல் சாசனத்திலேயே ஏறின. 1988ல் புதிய சட்டம், 2023ல் அதற்கு மேலும் திருத்தம். ஆனாலும் மாகாண அளவில் முழுமையான இருமொழி மாகாணம் நியூ பிரன்ஸ்விக் ஒன்றுதான். கியூபெக் 1977 முதலே பிரெஞ்சுக்குத் தனிச் சட்டம் போட்டு, தன் வழியில் போகிறது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த மண்ணின் ஆதிகுடிகள் பேசும் மொழிகளுக்கென்று மத்திய அரசு தனிச்சட்டம் கொண்டுவந்தது 2019ல்தான். அவர்கள் வீட்டுக்கு இத்தனை காலமும் எந்த மொழியில் நோட்டீஸ் போயிருக்கும்?

அப்பா அந்த நோட்டீஸை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். போன வாரம் டிக்‌ஷனரியோடு உட்கார்ந்து அவருக்கு வரிக்கு வரி தமிழில் எழுதிக் கொடுத்தேன்.