வாய் பொருந்தாத ஸ்பேனர்

மாமல்லபுரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய ஸ்பேனர் வாங்கியதாக எழுதியிருந்தாய். 13 மில்லிமீட்டர் நட்டில் மாட்டினால் ஆடுகிறது, 14 மில்லிமீட்டர் நட்டில் ஏறவே மாட்டேன் என்கிறது, ஏமாந்துவிட்டேனா மாமா என்று கேட்டிருந்தாய். இல்லை. நல்ல பொருளைத்தான் எடுத்திருக்கிறாய்.

அதன் தலையில் '1/4 டபிள்யூ' என்று பொறித்திருப்பதாகச் சொன்னாயே, விடை அங்கேயே இருக்கிறது. டபிள்யூ என்பது ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளரைக் குறிக்கும். அவர் காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஓரிடத்து போல்ட் இன்னோரிடத்து நட்டில் ஏறாது. மரையின் கோணம் 55 பாகை, இன்ன தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று 1841இல் அவர் ஒரு பொது அளவை முன்வைத்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே வந்திறங்கிய இயந்திரங்களோடு அந்த அளவும் வந்து இறங்கியது.

இன்றைய ஸ்பேனரில் எண் என்பது வாயின் அகலம். விட்வொர்த் ஸ்பேனரிலோ எண் என்பது போல்ட்டின் தடிமன். கால் அங்குல போல்ட்டுக்கான நட்டைப் பிடிக்க வாய் 0.525 அங்குலம் இருக்க வேண்டும். மில்லிமீட்டருக்கு மாற்றிப் பார், 13.3 வரும். உன் குழப்பத்துக்குக் காரணம் அந்தப் புள்ளி மூன்றுதான். நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இல் வந்தது. அதன்பின் அங்குல நட்டுகள் மெல்ல மெல்ல ஒதுங்கின. அவற்றைத் திருகிய ஸ்பேனர்கள் காயலான் கடைக்கும் சந்தைக்கும் வந்து சேர்ந்தன.

இன்னொன்றையும் கவனி. ஸ்பேனரின் வாய் தண்டுக்கு நேராக இல்லாமல் 15 பாகை சாய்ந்திருக்கும். அது வளைந்து போனதல்ல, வேண்டுமென்றே வைத்த சாய்வு. அறுகோண நட்டை அடுத்த பிடிக்கு 60 பாகை திருப்ப வேண்டும். இண்டு இடுக்கில் அவ்வளவு இடம் இருக்காது. சாய்ந்த வாயுள்ள ஸ்பேனரைக் கவிழ்த்துப் போட்டால் 30 பாகை திருப்பினாலே போதும், அடுத்த பிடி கிடைத்துவிடும். சந்தையில் ஒரு கருவியை எடுத்தால் முதலில் இப்படிக் கேள்: இந்த வடிவம் ஏன்? விலையை அப்புறம் கேட்கலாம்.

அடுத்தது கருவி விட்ட தடமும், கருவியின் தேய்மானமும். அவற்றைப் படிக்க எங்கள் ஊருக்கு வா. இங்கே பல்லவர் காலத்துக் குடைவரைகளில் சில பாதியில் நின்றுபோனவை. பாறை முகத்தில் உளியால் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, நடுவே துருத்தி நிற்கும் கட்டிகளை அடித்துப் பெயர்த்து உள்ளே போயிருக்கிறார்கள் என்பது அவற்றைப் பார்த்தாலே தெரியும். முடித்த கோயிலில் மறைந்துபோகும் வேலை, முடிக்காத கோயிலில் அப்படியே இருக்கிறது. சிற்பக் கூடங்களிலும் உளிகளைப் பார். முனை மழுங்க மழுங்க உலையில் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, தண்ணீரில் தோய்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் உளி கொஞ்சம் குட்டையாகும். ஒரு சாண் உளி அரைச் சாணாகியிருந்தால், அது செய்த வேலையின் அளவு அது.

இதை நான் காலம் தாழ்ந்துதான் கற்றேன். உன் தாத்தாவின் இழைப்புளியில், அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருந்தது. அழுக்காகத் தெரிகிறதே என்று இருபது வயதில் நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, பளபளவென்று அவரிடம் கொடுத்தேன். கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "பிடி போயிடுச்சேடா" என்றார். நாற்பது வருட உழைப்பு எழுதி வைத்ததை நான் ஒரு மத்தியானத்தில் அழித்துவிட்டேன். அந்த இழைப்புளி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் குழி இல்லை.

அதனால் உன் ஸ்பேனரில் கிரைண்டரை வைக்காதே. அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, ஓர் இரவு டீசலில் ஊறவிடு. காலையில் பித்தளைப் பிரஷால் தேய்த்தால் துரு கழன்றுவிடும், பொறித்த எழுத்து தங்கும். துணியால் நன்றாகத் துடைத்து, மெல்லிசாக மெஷின் ஆயில் பூசு. எங்கள் பக்கம் கொண்டுவந்தால் மாதம் ஒருமுறை பூச வேண்டியிருக்கும். கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தாலும் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். எண்ணெய்த் துணியில் சுற்றி வை.

கடைசியாகச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நீ சந்தைக்குப் போன அதே பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு சரளைக்கல் குழியில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. பல ஆண்டுகள் திரட்டிய அவருடைய சேகரிப்பு பிறகு சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் குறித்து வைத்ததால்தான் அது அறிவானது. குறிப்பு இல்லாவிட்டால் அது கூடை கூடையாகக் கல். அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் மறுபடி அகழ்ந்து, மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் அறிவித்தார்கள். கிடந்த இடமும் ஆழமும் தெரியாத கல்லை வைத்து அந்தக் கணக்கைப் போட முடியாது. ஆகவே கற்கருவி எதையாவது மண்ணில் பார்த்தால் எடுக்காதே. படம் பிடித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்.

ஸ்பேனருக்கும் இதே முறைதான். ஒரு நோட்டு வாங்கு. எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினாய், என்ன பொறித்திருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, இதற்குமுன் யார் கையில் இருந்தது என்று எழுது. முதல் ஐந்தையும் நீயே எழுதிவிடலாம். ஆறாவதற்கு, வரும் வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்காரரிடம் மறுபடி போ. இது எந்தப் பட்டறையிலிருந்து வந்தது அண்ணே என்று கேள். பழைய இரும்பு வாங்கியவருக்கு இடம் பெரும்பாலும் ஞாபகம் இருக்கும். போன வாரத்து ஞாபகம் அடுத்த மாதம் இருக்காது. அதனால் சீக்கிரம் போ.

அன்புடன்,
மாமா