பாத்திரத் தரவும் பகிர்வின் அறமும்

மேசையைச் சூழ்ந்திருந்து, ஒருவர் கதைக்களத்தை விரித்துரைக்க, ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் ஆட்டமொன்று உண்டு. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் முன்னோடியாகும்.

இதிற் பாத்திரம் படைத்தல் பெரிதும் கணக்கு வேலையே. வலிமை, அறிவு முதலாய ஆறு பண்புகளுக்கும் எண் உண்டு. ஐந்தாம் பதிப்பின்படி அவ்வெண்ணிற் பத்தைக் கழித்துப் பாதியாக்கின், பகடையிற் கூட்டும் எண் கிடைக்கும். வலிமை 16 ஆயின் 3 கூட்டப்படும். இக்கணக்கைக் கணினியே செய்தற்குப் 'பிசிஜென்' போன்ற மென்பொருள்கள் எழுந்தன. அவற்றுக்கு விதிகளை ஊட்டும் தரவுக் கோப்புகளை ஆர்வலர் பலர் ஊதியமின்றி ஆக்கிப் பகிர்ந்தனர். கூத்தேடுகளைக் கைப்படப் பெயர்த்தெழுதிய நம் அண்ணாவிமாரின் உழைப்பை இது நினைவூட்டுகின்றது.

பிறர் நூலிலுள்ளதைப் பகிர்தல் முறையாகுமோ? விதியின் கணக்கு வேறு. அதனை விளக்கும் ஆசிரியரின் சொன்னடை வேறு. பதிப்புரிமை பொதுவாகக் காப்பது பின்னதையே. 2000ஆம் ஆண்டின் திறந்த விளையாட்டு உரிமம் சில பகுதிகளைப் பகிர இசைவளித்தது. 2023 சனவரியிற் பதிப்பகத்தார் அதனை மாற்ற முற்பட, ஆர்வலர் எதிர்த்தனர். அம்மாத இறுதியிலேயே ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு, மூலத்தைச் சுட்டின் எவரும் பயன்கொள்ளலாம் என்னும் உரிமத்தோடு வெளியாயிற்று.

ஆகவே, 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனை நம் மாணவர் பாத்திரமாக்க விரும்பின் வழி திறந்தேயுள்ளது. எண்களைத் தாமே வகுக்க. விளக்கத்தைத் தம் சொல்லால் எழுதுக. மூலத்தையும் உரிமத்தையும் கோப்பிற் குறிக்க. பின்னர்ப் பிறர்க்கு வழங்குக. உழைத்தோர் பெயரை மறையாத பகிர்வே அறமாகும்.