மார்பிற் கேட்கும் ஒலிகள்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், இராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள அய்யனார் கோவில் அருவியைக் காண, என் சிற்றப்பாவும் மருத்துவம் பயிலும் நண்பர் ஒருவரும் யானும் சென்றிருந்தோம். அன்று சிற்றப்பாவுக்கு ஆலையின் வார விடுமுறை. ஆற்றங்கரையில் அவர் எங்களினும் விரைவாகவே நடந்தார். ஆயினும், "விடுமுறை கழிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் மட்டும் நெஞ்சைக் கயிற்றாற் கட்டினாற்போல் இருக்கிறது, தம்பி; வைத்தியரோ ஒன்றுமில்லை என்கிறார்" என்று நண்பரிடம் கூறினார். வீடு திரும்பியதும் நண்பர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுப் பின் என்னிடம் தந்தார். அரசிலைகளினூடே காற்று நுழைவது போன்ற மெல்லொலி. உள்மூச்சில் நீண்டு, வெளிமூச்சின் தொடக்கத்திலேயே தேய்ந்து மறைந்தது. நலமுடைய நுரையீரலின் ஒலி அதுவேயாம். மறுநாள் மாலை, வேலை முடித்து வந்தவரின் அதே மார்பில், ஒவ்வொரு வெளிமூச்சின் கடையிலும் 'கீ' என்றொரு நீண்ட ஒலி கேட்டது. அவ்வொலி என் செவியை விட்டு நீங்காமையின், இதுபற்றிப் படித்தறிந்தவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

இக்கருவியைக் கண்டவர் லென்னெக் என்னும் பிரெஞ்சு வைத்தியர். 1816-ம் ஆண்டில், பாரிஸ் நகரத்து நெக்கர் மருத்துவமனையில், இளம்பெண் ஒருத்தியின் மார்பிற் செவி வைக்கக் கூசி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஒலி முன்னினும் தெளிவாயிற்று. பின்னர் மரக்குழல் செய்து, பல நோயாளிகளின் மார்பொலிகளை ஆராய்ந்து, 1819-ல் நூல் வெளியிட்டார். 1826-ல் காசநோயால் தாமே மாண்டார்.

அவருக்கு நேர்ந்த இடர் பெயரிடுதலே. நோயொலிகளுக்கு 'ரால்' என்னும் தம் மொழிச் சொல்லை வழங்கினார். மக்கள் வழக்கில் அது சாவோரின் தொண்டைக் கரகரப்பைக் குறிப்பது. ஆதலின் நோயாளியின் படுக்கையருகே 'ராங்கஸ்' என்னும் சொல்லையே பேசினார். நோயாளி அஞ்சாதிருக்க ஒரு சொல்லை மாற்றிய வைத்தியரைத் தமிழ் மாணவன் எவ்வாறு மறப்பான்! அவர் உவமைகளும் இனியவை: சட்டியில் உப்பு வறுபடும் ஒலி, புறாவின் குரல், பறவைகளின் கீச்சொலி.

இக்காலத்தார் இவற்றைப் பெரும்பாலும் இரு வகையாக்குவர். விட்டுவிட்டு வெடிப்பன ஒரு வகை. இவற்றுக்கு நம் இரட்டைக்கிளவியாகிய 'மொறுமொறு' நன்கு பொருந்தும். ஒவ்வொரு வெடிப்பும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கினும் குறுகியது. சளியிற் காற்றுக் குமிழியிடுவதே காரணமென நெடுங்காலம் கருதினர்; மூடிக்கிடந்த சிறு காற்றுக்குழாய்கள் திடீரெனத் திறப்பதே காரணமென 1967-ல் பால் ஃபோர்காக்ஸ் விளக்கினார். நிமோனியாவிலும், நுரையீரல் தழும்பேறும் நோயிலும், இதயத் தளர்ச்சியால் நீர் கோக்கும்போதும் இது கேட்கும். தொடர்ந்து இசைப்பன மற்றொரு வகை. சுருங்கிய குழாயின் சுவர்கள், நாதசுரத்தின் சீவாளிபோல் அதிர்வதால் இவை பிறக்கும். மேற்சுருதியில் 'கீ', கீழ்ச்சுருதியில் 'கொர்'. இவையன்றி, நுரையீரல் உறை அழன்றால், புதுச்செருப்பின் தோல் உரசுவது போன்ற ஓர் ஒலியும் உண்டு.

சிற்றப்பாவின் 'கீ' எதனால்? 1936-ல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கிய இராஜபாளையத்தில் இன்று பஞ்சை நம்பி வாழும் குடும்பங்கள் பல. சிற்றப்பா வேலை பார்ப்பது பிற்காலத்தெழுந்த சிற்றாலை ஒன்றில், கார்டிங் பகுதியில். பஞ்சுத் தூசியாலும் அதிற் படிந்த நுண்ணுயிர்களின் நஞ்சாலும் விளையும் நோய்க்குப் 'பிஸ்ஸினோஸிஸ்' என்று பெயர். ஓய்வுநாள் கழிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகும், மறுநாள் தணியும். ஆண்டுகள் செல்ல எல்லா நாட்களுக்கும் பரவி நிலைத்துவிடும். பிஸ்ஸோஸ் என்பது மெல்லிய துகிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். லூக்கா 16-ம் அதிகாரத்து ஐசுவரியவான் உடுத்திருந்ததும் மூலத்தில் அதுவே. துணியின் பெயர் செல்வனுக்கும் நோயின் பெயர் நூற்பவனுக்குமாயிற்று.

கூலியாளுக்கு வைத்தியரிடம் செல்ல ஒழிவது விடுமுறை நாளே; அன்றோ அவன் மார்பு தெளிவாயிருக்கும்! வேலைநாளிலும் நோயின் தொடக்கத்தில் ஒலி கேளாதிருக்கலாம். பணிக்கு முன்னும் பின்னும் ஊதுகருவியால் மூச்சை அளந்தால்தான் குறைவு புலப்படும். 1948-ம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் தொழில்வழி நோய்களின் அட்டவணையில் இந்நோயும் இடம்பெற்றிருந்தது. ஆயினும் நோயாளியின் தொழிலைக் கேளாதவர்க்கு அட்டவணையால் என்ன பயன்?

நண்பரின் சொற்படி சிற்றப்பா, அடுத்த வாரம் முதல் வேலைநாள் மாலையிலேயே வேறொரு வைத்தியரிடம் சென்றார். அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்குமுன், "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டாராம். ஊதி அளக்கும் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பகுதி மாற்றித் தருமாறு சிற்றப்பா ஆலையில் விண்ணப்பித்திருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை.